கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆர். நகலா?

தமிழ்நாட்டில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போகிறவர்களில் பலர் ஒரு சீட்டோடு திரும்பி வந்து, ‘கேஸ் போட்டாச்சு’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சி.எஸ்.ஆர். (சமூக சேவைப் பதிவேடு) ரசீதாகத்தான் இருக்கும். உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) நகலில் குற்ற எண்ணும், எந்தச் சட்டப் பிரிவுகளில் வழக்கு என்பதும் இருக்கும். பிரிவே இல்லையென்றால் இன்னும் வழக்குப் பதிவாகவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுதான் இதற்கான சட்டம். புகாரை வாயால் சொன்னாலே போதும். போலீசார் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ‘செயினைப் பறித்துக்கொண்டு ஓடினான்’ என்று நீங்கள் சொன்னது, எழுத்தில் ‘செயின் காணாமல் போய்விட்டது’ என்று மாறியிருந்தால், அது குற்றம் பற்றிய புகாரே அல்ல. திருத்தச் சொல்லுங்கள்.

“இது எங்க லிமிட் இல்ல” என்ற பதிலும் செல்லாது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்யலாம். பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஆன்லைனில் கொடுத்தால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

சரி, எல்லாப் புகாருக்கும் உடனே எஃப்.ஐ.ஆர். உண்டா? இல்லை. போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றமாக இருந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது. சாதாரணத் திருட்டில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் போயிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. பழைய போனைத் திருட்டுக் கொடுத்தவருக்கு இது அநியாயமாகத்தான் படும்.

பதிவு செய்ய மறுத்தால், புகாரை எழுதி எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். சென்னை போன்ற மாநகரம் என்றால் காவல் ஆணையருக்கு. தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடும்போது அந்த ரசீது கட்டாயம் தேவைப்படும். எஸ்.பி.யைத் தாண்டி நேராக நீதிமன்றம் போனால் மனு தள்ளுபடியாகலாம்.

பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. இதை அங்கேயே எடுத்துச் சொல்லலாம். வழக்குப் பதிவான பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவர்களே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தகவல் வரவில்லையென்றால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.