வெயிலுக்குக் கெட்டி ஆயிலா? டர்போ காருக்கு ஆயில் கிரேடு பார்க்கும் முறை

"நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ-40 தண்ணி மாதிரி ஓடிடும் சார், 20டபிள்யூ-50 ஊத்துங்க." ஸ்பேர்ஸ் கடை கவுன்டரில் இன்றைக்கும் கேட்கிற பேச்சு இது. கார்புரேட்டர் காலத்து இன்ஜினுக்கு அது சரியாகவே இருந்தது. ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ காருக்கும் அதையே ஊற்றும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

முதலில் இந்த வெயில் கணக்கைத் தீர்த்துவிடலாம். தெர்மோஸ்டாட் கூலன்டைப் பிடித்து வைத்திருப்பதால், சூடேறிய இன்ஜினில் சாதாரண ஓட்டத்துக்கு ஆயில் பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரியில் நிற்கும். ஊட்டியிலும் அவ்வளவுதான், மே மாத வேலூரிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற்றுவது உங்கள் வலது கால்.

கேனில் இருக்கும் இரண்டு எண்களில் டபிள்யூ ஒட்டிய முதல் எண் குளிர்கால ஸ்டார்ட்டிங்கைச் சொல்வது. ஆயில் கிரேடுகளை வரையறுக்கும் எஸ்ஏஇ ஜே300 தரத்தில் 5டபிள்யூ சோதனை மைனஸ் 30 டிகிரியில் நடக்கிறது, 0டபிள்யூ சோதனை மைனஸ் 35-ல். சென்னையில் இந்த வித்தியாசத்துக்கு வேலையே இல்லை. இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது. 100 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (அதை அளக்கும் அலகு) இருந்தால் 30 கிரேடு, 12.5 முதல் 16.3 வரை 40, 16.3 முதல் 21.9 வரை 50.

இப்போது ஒரு காலை நேர ஸ்டார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் 30 டிகிரியில் கிடக்கிறது. 100 டிகிரியில் 13.5 காட்டும் ஒரு நல்ல 5டபிள்யூ-40, அந்த 30 டிகிரியில் சுமார் 120 சென்டிஸ்டோக் இருக்கும். மினரல் 20டபிள்யூ-50 என்றால் 270-ஐத் தாண்டும். அதாவது, தண்ணி மாதிரி என்று சொல்லப்படும் ஆயிலே காலையில் இன்ஜினுக்கு வேண்டியதைப் போல ஒன்பது மடங்கு கெட்டி. அதற்கும் இரண்டு மடங்கு கெட்டியானதை ஊற்றினால், பம்ப் அழுத்தம் எகிறி ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும், ஆயிலில் ஒரு பங்கு பேரிங்குக்குப் போகாமல் இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கே திரும்பும். ஃபில்டரில் உள்ள பைபாஸ் வால்வும் திறக்கலாம், அப்போது வடிகட்டாத ஆயில் நேரே உள்ளே போகும். மீட்டரில் பிரஷர் அதிகமாகத் தெரிவதால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். பிரஷர் என்பது ஓட்டத்துக்கு எதிரே நிற்கும் தடை, ஓட்டத்தின் அளவு அதில் தெரியாது.

வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசரும், டைமிங் செயினைத் தொய்யாமல் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் பிரஷரில் வேலை செய்பவை. கெட்டி ஆயிலில் ஃபேசர் மெதுவாக நகரும், இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ கேட்ட கோணத்துக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேராது. செக் இன்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0011 (கேம் டைமிங் கோளாறு கோடு) வந்தால், ஃபேசரையோ சோலனாய்டையோ மாற்றச் சொல்வதற்கு முன் கடைசியாக எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்று பில்லைப் பாருங்கள்.

அதற்காக லேசான ஆயில் போதும் என்று ஆகிவிடாது. கிராங்க் ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பல இன்ஜின்களில் 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர்தான். லோடு ஏறும்போது ஆயில் படலம் அதைவிடப் பலமடங்கு மெலிந்து போகிறது, அந்த இடத்தில் சூடும் 100 டிகிரியோடு நிற்பதில்லை. அந்த நிலைமையைக் காட்டும் அளவுதான் எச்டிஎச்எஸ். 150 டிகிரியில், கடும் உராய்வில் பாகுத்தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்பது. கேனின் முகப்பில் அது இருக்காது, தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் இருக்கும். மில்லிபாஸ்கல்-செகண்ட் அலகில் 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. சூடாக ஓட்டுகிற டர்போ காருக்கு 3.5-க்குக் கீழே நாங்கள் இறங்குவதில்லை, மேனுவலே கீழே கேட்டிருந்தால் தவிர.

அந்தத் "தவிர" முக்கியம். 0டபிள்யூ-20-க்கென்றே வடிவமைத்த இன்ஜின்கள் உண்டு. வோக்ஸ்வேகன் 508 00 அப்படிப்பட்ட தரம். அந்த ஆயிலை 502 00 தரம் கேட்கும் பழைய டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) இன்ஜினில் ஊற்றக் கூடாது. ஆக, காரின் மேனுவலில் கிரேடோடு நின்றுவிடாமல் அப்ரூவல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கேனின் பின்பக்கம் "அப்ரூவ்டு" என்று அந்த எண் இருக்க வேண்டும். "சூட்டபிள் ஃபார்" என்று போட்டிருந்தால் அது விற்பவர் தரும் உறுதிமொழி மட்டும், கார் நிறுவனம் சோதித்துக் கொடுத்த ஒப்புதல் ஆகாது. பிஎஸ்6 காரில் பார்ட்டிகுலேட் ஃபில்டர் இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், அதையும் இந்த எண்தான் சொல்லும்.

பந்தயக் கார் ஆயில் என்ற பெயரில் 10டபிள்யூ-60 தேடுகிறவர்கள் உண்டு. பிஎம்டபிள்யூ இ46, இ90 தலைமுறை எம்3-க்கு அதைக் கேட்டது உண்மை, அவை உயர் ஆர்பிஎம்மில் கத்தும் டர்போ இல்லாத இன்ஜின்கள். அடுத்து வந்த எஃப்80 எம்3 டர்போவுக்கு அதே நிறுவனம் 10டபிள்யூ-60 கேட்கவில்லை. இன்னொரு விஷயம்: 10-க்கும் 60-க்கும் இடையே உள்ள தூரத்தை நிரப்புவதில் பெரும்பங்கு பாலிமருக்கு. ஓட ஓட அந்தப் பாலிமர் அறுபட்டு 60 என்று வாங்கியது 50-ஆக இறங்கலாம். வேலைக்கேற்ப கிரேடு மாறும் என்பதற்கு நல்ல உதாரணம் சி7 கார்வெட்: முதலில் வந்தபோது சாலைக்கு 5டபிள்யூ-30, ட்ராக்குக்கு 15டபிள்யூ-50 என்று மேனுவலே பிரித்துச் சொன்னது. 2019 மாடலில் இரண்டுக்கும் 0டபிள்யூ-40 ஆக்கிவிட்டார்கள்.

நம்மூரில் இந்தக் கேள்வி நிஜமாக எழும் இடம் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஸ்டேஜ் 1 ரீமேப் (இசியூ மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டுவது) செய்த ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்று ட்ராக் டே போகிறது என்று வையுங்கள். கிளஸ்டரிலேயே ஆயில் டெம்பரேச்சர் காட்டும் கார், அதை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 5டபிள்யூ-40, 110 டிகிரியில் 11 சென்டிஸ்டோக்குக்கு இறங்கும், அதாவது 100 டிகிரியில் 30 கிரேடு இருக்கும் அளவு. 130-ல் 7.7, ஒரு 20 கிரேடுக்குச் சமம். அதனால் 120 வரை கவலை வேண்டாம். 130 தொட்டால் அந்த லேப்பிலேயே வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட்டுப் பிட்டுக்கு வாருங்கள். ஒவ்வொரு செஷனிலும் 130-ஐத் தாண்டுகிறது என்றால் 50 கிரேடுக்கு ஓடாதீர்கள், தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலர் போடுங்கள். கெட்டி ஆயில் பேரிங்கில் உராய்ந்து தானே இன்னும் கொஞ்சம் சூட்டைக் கூட்டும். தெர்மோஸ்டாட் இல்லாத மலிவு கூலரோ ஜிஎஸ்டி ரோட்டு ஓட்டத்தில் ஆயிலை 75-80 டிகிரியிலேயே நிறுத்திவிடும், உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும்.

பெட்ரோல் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷனில் சிலிண்டர் சுவரில் படும் பெட்ரோல் வழிந்து ஆயிலில் கலக்கிறது. தினமும் ஐந்து கிலோமீட்டர் அலுவலகம் போய்வரும் காரில்தான் இது மோசம், ட்ராக் காரில் அவ்வளவு இல்லை. டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால், துடைத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால், உங்கள் 40 கிரேடு ஏற்கெனவே 30 ஆகியிருக்கலாம். கிரேடை மாற்றுவதைவிட ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பதே இதற்கு மருந்து. 15,000 கிலோமீட்டர் என்று மேனுவல் சொன்னாலும், ரீமேப் செய்த காருக்கு 7,000, கடுமையான ட்ராக் டேக்குப் பிறகு அந்த வாரமே என்பது எங்கள் வழக்கம். குறைந்த ஆர்பிஎம்மில் முழு த்ராட்டில் கொடுக்கும்போது வரும் முன்பற்றல் (தீப்பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்வது), அதாவது எல்எஸ்பிஐ, பிஸ்டனையே உடைக்கக்கூடியது. 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் அதற்குச் சோதனை இருக்கிறது, இரண்டு கேன் ஒரே விலை என்றால் எஸ்பி போட்டதை எடுங்கள்.

சந்தேகம் தீர வேண்டுமானால் பழைய ஆயிலை லேபுக்கு அனுப்பலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது, வடிய ஆரம்பித்துப் பாதி ஆனபின் சுமார் 100 மில்லி சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். முதலில் வருவது அடியில் தங்கிய கசடு, அதைப் பிடித்தால் ரிப்போர்ட் பயமுறுத்தும். 100 டிகிரி பாகுத்தன்மை, பெட்ரோல் சதவீதம், இரும்பு, செம்பு, ஈயம், சிலிக்கான் ஆகியவற்றைப் பாருங்கள். செம்பும் ஈயமும் சேர்ந்து ஏறினால் பேரிங். சிலிக்கான் ஏறினால் தூசி, பெரும்பாலும் எண்ணெய் தடவிய காட்டன் ஏர் ஃபில்டர் வேலை.

ட்ராக்குக்குப் போகும் முன் சமதரையில், சூடான இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். பல கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர் வித்தியாசம், கீழ்க் கோட்டில் இருக்கும் காரை நீண்ட வளைவில் சாய்த்தால் ஆயில் ஒதுங்கி பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் அடித்து நுரையாக்கும். டாப்-அப் செய்ய அதே ஆயிலில் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கட்டும். காலியான கேனை அப்படியே கடையில் விட்டுவராமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஓட்டை போடுங்கள். அதே கேன் கலப்பட ஆயிலோடு, புது சீலோடு வேறொரு கவுன்டரில் வந்து நிற்காது.