'அண்டர்டேக்' என்று எழுதிக் கையெழுத்திடும் முன்

ஆங்கிலக் கடிதங்களையும் ஒப்பந்த வரைவுகளையும் திருத்திக் கொடுக்கும் பணியில், எனக்கு மிகுந்த கவலை தரும் வினைச்சொல் 'அண்டர்டேக்' என்பதாகும். எழுத்துக்கு ஒரு கம்பீரம் சேரும் என்று நம்பிப் பலரும் இதைக் கையாளுகிறார்கள். ஆனால் இதையடுத்து வரும் சொல்லைப் பொறுத்து, ஒரு வேலையை மேற்கொண்டதாக மட்டும் தெரிவிக்கிறோமா, அல்லது சட்டப்படி நம்மைப் பிணைக்கக்கூடிய உறுதிமொழியைக் கொடுக்கிறோமா என்பதே மாறிவிடுகிறது.

'வீ அண்டர்டுக் எ சர்வே' என்பதுபோல் வேலையைக் குறிக்கும் பெயர்ச்சொல் அடுத்து வந்தால், ஓர் ஆய்வை மேற்கொண்டோம் என்பதற்கு மேல் பொதுவாக அதில் ஒன்றும் இல்லை. 'ஐ அண்டர்டேக் டு ரிப்பே த லோன்' என்று 'டு'வும் வினையின் அடிவடிவமும் சேர்ந்து வந்தால், கடனை அடைப்பதாக உறுதியளிக்கிறோம். 'டு பேயிங்', 'ஃபார் பேயிங்' என்று எழுதுவது பிழை. 'ஐ ஹியர்பை அண்டர்டேக்கிங்' என்பதும் பிழையே. அங்கே 'ஐ ஹியர்பை அண்டர்டேக்' என்று வர வேண்டும். இறந்தகாலத்துக்கு 'அண்டர்டுக்', 'ஹேவ்' என்பதற்குப் பின் 'அண்டர்டேக்கன்'. 'அண்டர்டேக்ட்' என்று ஒரு வடிவமே கிடையாது. உறுதியளிப்பவரை 'அண்டர்டேக்கர்' என்று குறிப்பிட்டுவிடக் கூடாது, ஏனெனில் இன்றைய ஆங்கிலத்தில் அது இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்பவரைக் குறிக்கும்.

இலக்கணப் பிழை படிப்பவரின் கண்ணில் பட்டுவிடும். இலக்கணம் சரியாக அமைந்து பொருள் கைமீறிப்போன வாக்கியமே எனக்கு அதிக அச்சம் தருகிறது. 'ஐ அண்டர்டேக் தட் மை பிரதர் வில் ரிப்பே த லோன்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தம்பி நாணயமானவர் என்று பரிந்துரைப்பதாகவே எழுதியவர் நினைத்திருப்பார். படிப்பவரோ, தம்பி கட்டத் தவறினால் அண்ணனைக் கேட்கலாம் என்றே எடுத்துக்கொள்வார். நம்பிக்கையை மட்டும் தெரிவிக்க விரும்பினால் 'ஐ பிலீவ்' என்று எழுதுவதே நேர்மையானதும் பாதுகாப்பானதும் ஆகும். அதேபோல, 'அண்டர்டேக் டு என்ஷுர்' என்று எழுதினால் விளைவுக்கே பொறுப்பேற்கிறோம். 'அண்டர்டேக் டு டேக் ரீசனபிள் ஸ்டெப்ஸ்' என்று எழுதினால் நியாயமான முயற்சிக்கு மட்டுமே பொறுப்பேற்கிறோம். சரக்கு வந்து சேர்வது பிறர் கையில் இருக்கும்போது, முதல் வாக்கியத்தில் கையெழுத்திட வேண்டாம் என்றே நான் வற்புறுத்துவேன்.

எழுவாயிலும் கவனம் வேண்டும். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுபவர் 'ஐ அண்டர்டேக்' என்று எழுதினால், பொறுப்பு தனிப்பட்ட முறையில் தம் தலையில் விழ இடம் கொடுக்கிறார். 'த கம்பெனி அண்டர்டேக்ஸ்' என்பதே அங்கே பொருத்தமானது. நீதிமன்றத்திடம் கொடுக்கும் 'அண்டர்டேக்கிங்' என்ற உறுதிமொழி இன்னும் கனமானது: ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அதை மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படலாம். ஆகவே அத்தகைய வரைவை வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகே ஒப்பமிட வேண்டும்.

உறுதியளிப்பதுதான் நோக்கம் என்றால், தொகை, நாள், செய்ய வேண்டிய செயல் ஆகிய மூன்றையும் அதே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். வெறும் தகவலுக்காக அனுப்பும் அலுவலகக் கடிதத்தில் இந்த வினைச்சொல்லுக்கு வேலையே இல்லை; அங்கே 'ஐ வில் சென்ட் த ரிப்போர்ட்' என்பதே போதுமானது.