படத்தில் இருக்கும் ஆலை யாருடையது?

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் என் அலுவலகம் இருக்கிறது. நிறுவனங்களைப் பதிவு செய்து கொடுப்பதும், அவற்றின் ஆண்டு அறிக்கைகளை மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் தாக்கல் செய்வதும் என் தொழில். படியேறி வருபவர்கள் பெரும்பாலும் லோரிக்காரர்கள், குத்தகையாளர்கள், மளிகைக் கடைக்காரர்கள். தோட்டத்துப் பெண்கள் வந்தால், ஏதோ மலாய்க் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த அக்காவும் அப்படித்தான் வந்தார். வயது ஐம்பத்தாறு. செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிக்காட்டு வேலை, அதிலும் பெரும்பாலும் உரம் போடும் வேலை. மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பிலிருந்து பளபளப்பான பிரசுரம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். இரவில் எடுத்த படம். விளக்குகள் கொட்டிக் கிடக்கும் பெரிய ஆலை, உருண்டைத் தொட்டிகள், உச்சியில் தீ எரியும் புகைபோக்கி. படத்துக்கு மேலே, இந்த வட்டாரத்தில் வேகமாக வளரும் பெட்ரோ ரசாயன முதலீட்டு நிறுவனம் என்று கொட்டை எழுத்துகள். பிரசுரத்தின் அடியில் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ்: 20,000 முன்னுரிமைப் பங்குகள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 6 விழுக்காடு லாப ஈவு.

“தம்பி, இரண்டு தடவை ஆயிரத்து இருநூறு வெள்ளி வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. பெரிய கம்பெனிதான். பேங்க் எண்ணை மாற்றி எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.”

அவர் கட்டியிருந்த 20,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், ஐம்பத்தைந்து வயதில் எடுத்த ஊழியர் சேமநிதிப் பணம். சான்றிதழில் இருந்த பதிவு எண்ணைக் கணினியில் தட்டி, எஸ்எஸ்எம்மில் அந்த நிறுவனத்தின் விவரத் தாளைக் கட்டணம் கட்டி இறக்கினேன். பதிவாகி மூன்று ஆண்டுகள் ஆன தனியார் நிறுவனம், அதாவது சென்டிரியான் பெர்ஹாட். இயக்குநர் ஒருவர். செலுத்தப்பட்ட மூலதனம் 100 ரிங்கிட். தொழில் என்ற இடத்தில் முதலீட்டுப் பங்குகளை வைத்திருத்தல், பெட்ரோ ரசாயனப் பொருள் வணிகம் என்று இரண்டு வரிகள். மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கணக்கு தாக்கல் செய்யப்படவில்லை. பங்குதாரர் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. பணம் கட்டிய ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பணம் போயிருந்தது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு.

அவர் படிப்பறிவில்லாதவர் அல்லர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர், பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பவர். அவரை விழ வைத்தவை ‘பெட்ரோ ரசாயனம்’, ‘முதலீட்டு நிறுவனம்’, ‘வளர்ச்சி’ என்ற மூன்று சொற்கள். மூன்றும் உண்மையான சொற்கள் என்பதால்தான் ஆபத்தும் கூடுதல். ஆகவே ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெட்ரோ ரசாயனம் என்பது நமக்கு எட்டாத ஏதோ ஒன்று என்ற எண்ணமே முதலில் தவறு. அக்கா முப்பது ஆண்டுகள் வாளியில் சுமந்து மரத்தடியில் தூவிய யூரியா பெட்ரோ ரசாயனம்தான். இயற்கை எரிவாயுவிலிருந்து அமோனியா, அமோனியாவிலிருந்து யூரியா. அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் கிளையான பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸ் குழுமத்துக்குக் கெடாவின் குரூணிலும், சரவாக்கின் பிந்துலுவிலும், சபாவின் சிப்பித்தாங்கிலும் அந்த ஆலைகள் இருக்கின்றன. அவர் பிரசுரத்தை வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பும் அதே குடும்பத்துப் பொருள். இன்னும் சொல்லப்போனால், நம் தோட்டங்களின் தலையெழுத்தை மாற்றியதிலும் இந்தத் தொழிலுக்குப் பங்கு உண்டு. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்குக் கித்தா, அதாவது இயற்கை ரப்பர், வரத்து நின்றது. அவர்கள் செயற்கை ரப்பர் ஆலைகளைப் பெரிய அளவில் கட்டினார்கள். போர் முடிந்த பிறகும் அந்த ரப்பர் சந்தையைவிட்டுப் போகவில்லை. கித்தா விலை சரிந்தது, 1960களிலிருந்து தோட்டம் தோட்டமாகச் செம்பனை ஏறியது. பால்மரம் வெட்டிய தாயின் மகள் உரம் போடப் போனதற்கு இது ஒரு காரணம். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, தன் உள்ளங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அடுத்தது ‘முதலீட்டு நிறுவனம்’. ஆங்கிலத்தில் ஹோல்டிங் கம்பெனி என்பார்கள். நான் இதுவரை பதிவு செய்து கொடுத்த நிறுவனங்களில் எத்தனையோ இந்தத் தொழிலைத்தான் குறித்திருக்கின்றன, அதில் குற்றம் எதுவும் இல்லை. மற்ற நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பதே அதன் வேலை. ஆலையை நடத்துவது வேறொரு நிறுவனம். ஆலை நிறுவனம் லாபம் ஈட்டி, அதில் ஈவு அறிவித்தால் மேலே இருக்கும் நிறுவனத்துக்குப் பணம் வரும். பெரிய குழுமங்கள் வளர்வதும் இப்படித்தான்: ஒரு ஆலையில் முழுப் பங்கு, இன்னொன்றில் பாதி, மற்றொரு நாட்டில் கூட்டாளியுடன் கொஞ்சம். ஆனால் அதே இரண்டு சொற்களை நூறு ரிங்கிட் மூலதனத்தில் பதிவான நிறுவனமும் தன் தொழிலாக எழுதிக்கொள்ளலாம். எஸ்எஸ்எம் பதிவு எண் இருப்பது, அப்படியொரு நிறுவனம் பிறந்திருக்கிறது என்பதற்குச் சான்று. அதன் கையில் ஆலை இருக்கிறதா, ஆணிகூட இல்லையா என்பதை அந்த எண் சொல்லாது. பங்கு விற்க வரும் முகவர்கள் பதிவுச் சான்றிதழைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். பிறப்புப் பத்திரத்தைக் காட்டி ஒருவரை நல்லவர் என்று சொல்ல முடியுமா?

நம் சமுதாயத்துக்கு இந்த வகை நிறுவனம் புதியதும் அல்ல. 1982இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.வின் முயற்சியில் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டியது. பங்கு ஒன்று 1 ரிங்கிட். 2010இல் அதை வாங்க முன்வந்த நிறுவனம் கொடுத்த விலை பங்குக்கு 80 சென். அதற்கு முன்பே, 1960இல், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்றைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள், சங்கம் தோட்டங்களை வாங்கியது. கட்டியவர் விரும்பினால் அந்தத் தோட்டத்துக்குப் போய் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். முதலீட்டு நிறுவனத்தில் அந்த வசதி இல்லை. அங்கே கணக்கு அறிக்கைதான் மரம். அறிக்கையே இல்லையென்றால் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

மூன்றாவது சொல் ‘வளர்ச்சி’. இதைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. ஏனென்றால் நல்ல பெயருள்ள, பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனத்தை வாங்குபவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஜொகூர் பாசிர் கூடாங்கில் இருக்கும் லோட்டே கெமிக்கல் டைட்டன் உண்மையான, பெரிய நிறுவனம். 1990களின் தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் மூலப்பொருள் தயாரிக்கிறது. 2010இல் கொரிய நிறுவனம் அதை வாங்கியது. 2017 ஜூலையில் பங்கு ஒன்று 6 ரிங்கிட் 50 சென் விலையில் மீண்டும் சந்தைக்கு வந்தது. அதன்பின் அது வளரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தோனேசியாவின் சிலேகோனில் ஏறத்தாழ 400 கோடி அமெரிக்க டாலர் செலவில் எழுந்த புதிய ஆலையில் அதற்கு 49 விழுக்காடு பங்கு, பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீனை ஆண்டுக்கு 10 லட்சம் டன் தயாரிக்கும் திறன், 2025இல் திறப்பு விழாவும் நடந்துவிட்டது. அதே காலத்தில், 2022 தொடங்கி, நிறுவனம் இழப்பில் போனது. 2024 முடிவதற்குள் பங்கு விலை ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆலை பெரிதாகிறது, பங்கு சிறுக்கிறது. இதில் மோசடி எதுவும் இல்லை. தொழிலின் சுபாவம் அப்படி. நாஃப்தா என்ற எண்ணெய்ப் பொருளையோ எரிவாயுவிலிருந்து வரும் ஈத்தேனையோ உலையில் கடும் சூட்டில் உடைத்தால் எத்திலீன் வரும். அதைச் சேர்த்துப் பிணைத்தால் பிளாஸ்டிக் மணிகள். ஜவ்வரிசி அளவில் வெள்ளையாக, மூட்டை மூட்டையாகப் போகும். உள்ளே போகும் பொருளின் விலைக்கும் வெளியே வரும் மணியின் விலைக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் லாபம். எண்ணெய் விலை ஏறி, சீனாவில் புதுப் புது ஆலைகள் திறந்து மணி மலிந்தால் இடைவெளி மறைந்துவிடும். அப்போது எவ்வளவு பெரிய ஆலை வைத்திருக்கிறோமோ அவ்வளவு பெரிய இழப்பு. பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸ் இந்த நாட்டின் பலம் வாய்ந்த நிறுவனங்களில் ஒன்று. 2010 நவம்பரில் சந்தைக்கு வந்தபோது சுமார் 1,280 கோடி ரிங்கிட் திரட்டியது. அதன் லாபமே 2021இல் 700 கோடி ரிங்கிட்டைத் தாண்டி, 2023இல் 200 கோடிக்கும் கீழே வந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை அறிந்தவர்கள், “மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் 6 விழுக்காடு” என்ற வரியை நம்பவே மாட்டார்கள். பெட்ரோனாஸால் தர முடியாத உறுதியை நூறு ரிங்கிட் மூலதனம் எங்கிருந்து தரும்? சட்டமும் இதையே சொல்கிறது. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, நிறுவனத்துக்கு லாபம் இருந்து, ஈவு கொடுத்த பிறகும் கடன்களை அடைக்கும் நிலை இருந்தால்தான் ஈவே கொடுக்க முடியும். முன்னுரிமைப் பங்கு என்றாலும் இதுதான் விதி. அந்தப் பெயரில் உள்ள ‘முன்னுரிமை’ மற்றப் பங்குதாரர்களுக்கு முன்னால் என்பதுதான், கடன்காரர்களுக்கு முன்னால் அல்ல. முகவர் அக்காவிடம், “சேமநிதியில் ஆண்டுக்கு ஆறுதானே, எங்களிடம் மூன்று மாதத்துக்கே ஆறு” என்று சொல்லியிருக்கிறார். சேமநிதி 2024க்கு அறிவித்தது 6.30 விழுக்காடு. வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு என்று சட்டமே உறுதி தருகிறது. அந்த உறுதிக்கு உள்ள மதிப்பை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அக்காவுக்கு வந்த 2,400 வெள்ளியும் அவருடைய சொந்தப் பணத்திலிருந்தோ, அவருக்குப் பின்னால் கட்டிய வேறொரு பெண்ணின் பணத்திலிருந்தோ வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

தனியார் நிறுவனம் பொதுமக்களிடம் பங்கு விற்கவே கூடாது. ஊழியர்கள் நீங்கலாக ஐம்பது பங்குதாரர்களுக்கு மேல் இருக்கவும் கூடாது. கோயில் மண்டபத்தில் நூறு பேரை உட்கார வைத்து சென்டிரியான் பெர்ஹாட் ஒன்றின் பங்கை விற்றால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம், வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை. உரிமம் இல்லாமல் வைப்புத்தொகை வாங்குவது 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்கீழ் பத்து ஆண்டு வரை சிறையும், ஐந்து கோடி ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கக்கூடிய குற்றம்.

பணம் கட்டுவதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். விவரத் தாளுக்குச் சில ரிங்கிட்தான் செலவாகும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. பெயர் அதில் இருந்தால் விலகிவிடுங்கள். இல்லையென்றால் நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம், ஏனென்றால் புதுப் பெயர் போட ஒரு நாள் போதும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையே ஓர் எழுத்து மாற்றி வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பணத்தைத் தனிநபர் கணக்கில் போடச் சொன்னால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள். போட்டுவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே மோசடிப் புகாருக்கான 997ஐ அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் என்றால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அக்காவுக்கு அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

அன்று நான் கடிதம் எழுதவில்லை. போலீஸ் புகாருக்கான விவரங்களை மலாயில் தட்டிக் கொடுத்தேன். அச்சான தாளில் 20,000 என்ற எண்ணை அவர் விரலால் தொட்டுச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். மகனுக்கு இன்னும் தெரியாது என்றார். நானே சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாம் தம்பி, நானே சொல்கிறேன்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், இன்னும் பணம் கட்டவில்லை, கையில் அதே பிரசுரம். நான் கணினியைத் திறப்பதற்குள் அக்கா பிரசுரத்தை வாங்கி விரித்து, உருண்டைத் தொட்டி ஒன்றின் மேல் விரலை வைத்தார். அங்கே ஏதோ பெயர் எழுதியிருந்த இடம் சாம்பல் நிறத்தில் மழுப்பப்பட்டிருந்தது. எத்தனையோ தடவை பார்த்தும் என் கண்ணில் படாத இடம் அது.

“இதில் யார் பெயர் இருந்தது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள், தம்பி” என்றார்.