செயினா, பெல்ட்டா? முதலில் கியரைக் கவனியுங்கள்

"மின்சார சைக்கிள்களில் செயினுக்குப் பதில் பெல்ட் வருகிறதே, மோட்டார் இழுக்கும்போது வழுக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஸ்கூட்டர் பெல்ட்டை நினைத்துக் கேட்டிருப்பார். அது உராய்வை நம்பி ஓடுவது. சைக்கிள் பெல்ட்டில் உட்புறம் பற்கள் உண்டு. பாலியூரித்தேனுக்குள் நீளவாக்கில் கார்பன் இழைகள். பல்லோடு பல் கவ்வுவதால், இறுக்கம் சரியாக இருக்கும்வரை வழுக்காது. எண்ணெய் வேண்டாம், துருப்பிடிக்காது.

செயினுக்கு என்ன குறை? பெடல் அச்சில் பொருத்திய மோட்டார் 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். முன்பக்கப் பற்சக்கரத்தின் ஆரம் சுமார் 7 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள்: செயினில் 1200 நியூட்டன் இழுவிசை, அதாவது 120 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. இதற்கு மேல் காலின் விசை வேறு. செயினைப் பக்கவாட்டில் தள்ளிக் கியர் மாற்றும் டிரெயிலியர் வைத்த சைக்கிளில் பின்பக்கம் 11, 12 பற்சக்கரங்களை நெருக்கி அடுக்க வேண்டும், அதனால் செயினும் மெல்லியது. பல கியர்களில் அது கோணலாகவும் ஓடுகிறது. கண்ணிகளின் ஊசிகள் தேயத் தேய செயின் நீள்கிறது, அப்புறம் பற்சக்கரங்களையும் தின்கிறது. மோட்டார் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலேயே இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே செயின் தாங்குவது காலின் விசையை மட்டும்தான்.

பெல்ட்டால் பக்கவாட்டில் தாவி வேறு சக்கரத்தில் ஏற முடியாது. அதனால் கியர் மாற்றும் வேலை பின்சக்கர ஹப்புக்குள்ளோ, பெடல் அச்சிலுள்ள கியர்பாக்ஸுக்குள்ளோ போய்விடுகிறது. ஹப்புக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நடுவில் அசையாத ஒரு சூரியச் சக்கரம். அதைச் சுற்றி உருளும் கோள் சக்கரங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு தாங்கி. வெளியே, உட்புறம் பல் வைத்த வளையச் சக்கரம். இனி தரையில் உருளும் எந்தச் சக்கரத்தையும் நினைத்துப் பாருங்கள். தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதில்லை. அச்சு ஒரு வேகத்தில் போனால், உச்சி அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. கோள் சக்கரத்துக்குச் சூரியன்தான் தரை. தாங்கியை நாம் சுழற்றினால், கோளின் வெளி விளிம்பு இரட்டை வேகத்தில் வளையத்தைத் தள்ளுகிறது.

1936-இல் வந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப்பை எடுத்துக்கொள்வோம். சூரியனுக்கு 20 பல், கோளுக்கு 20, வளையத்துக்கு 60. ஆரங்களை 10, 10, 30 என்று வைத்தால் கோளின் மையம் 20 ஆரத்தில் சுற்றுகிறது. விளிம்பின் இரட்டை வேகம் 40; வளையத்தின் ஆரமோ 30. ஆக, தாங்கி ஒரு சுற்று சுற்றினால் வளையம் 4/3 சுற்று! மாறாக, வளையத்தைச் சுழற்றி, தாங்கியின் சுழற்சியை வெளியே எடுத்தால் 3/4 சுற்று. நேராக இணைத்தால் 1. ஒரே பற்சக்கரத் தொகுதியில் மூன்று கியர்கள். ரோலோஃப் நிறுவனத்தின் 14 கியர் ஹப்பும் இதே யோசனையை அடுக்கடுக்காகக் கோத்ததுதான். அதில் மிகச் சிறிய கியருக்கும் மிகப் பெரிய கியருக்கும் இடையே 5.26 மடங்கு வித்தியாசம்.

பற்கள் உரசும் இடம் கூடக்கூட இழப்பும் கூடும். துடைத்து எண்ணெயிட்ட செயின், ஆற்றலில் 95 சதவீதத்துக்கு மேல் சக்கரத்துக்குச் சேர்க்கும். கியர் ஹப் பொதுவாக அதைவிடச் சில சதவீதம் குறைவு. கால் மட்டுமே ஓட்டும் பந்தய சைக்கிளில் அது பெரிய இழப்பு. ஐரோப்பிய விதி அனுமதிக்கும் 250 வாட் மோட்டார் துணையிருக்கும்போது, பேட்டரி ஓடும் தூரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பதிலுக்கு, நின்ற நிலையிலேயே கியரை இறக்கலாம். கனமான மின்சைக்கிளை சிக்னலில் கிளப்புபவருக்கு இது பெரிய வரம். ஆனால் முழு விசையில் இழுக்கும்போது ஹப்புக்குள் கியர் எளிதில் மாறாது. அதனால் மின்னணுக் கட்டுப்பாடு உள்ளவற்றில் மோட்டார் கணநேரம் விசையைத் தளர்த்திக்கொள்கிறது.

தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு மெல்லிய 12 கியர் செயினை விற்பது தவறு என்றே நினைக்கிறேன். மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு எடை முக்கியம், வழியில் அறுந்தால் கோத்துக்கொள்ளவும் வேண்டும். அவருக்குச் செயின்தான் சரி. பழைய சைக்கிளை பெல்ட்டுக்கு மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஃப்ரேமைப் பாருங்கள். பெல்ட்டைச் செயினைப் போலக் கழற்றிக் கோக்க முடியாது. பின்பக்கக் குழாயில் பிரித்துத் திறக்கும் இணைப்பு இல்லாவிட்டால், பெரும்பாலான ஃப்ரேம்களில் அதை உள்ளே நுழைக்கவே வழியில்லை.