ஃபேன் ஏன் சுடுகிறது?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ராத்திரி நின்று வடக்கே பார்த்தால், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் தெரியும். கீழே, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஈபி மீட்டரிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு விளக்குகளுக்கும் சம்பந்தம் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்தே தெரியும். எவ்வளவு சம்பந்தம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டது போன வருடம்தான்.

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளாக வாங்க வேண்டும் என்ற ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம். மூங்கில் பல் துலக்கி, ஸ்டீல் உறிஞ்சுகுழல், வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறும் பவர் பேங்க் என்று வாங்குகிறார்கள். என்னிடம் யாராவது கேட்டால், முதலில் தலைக்கு மேலே பாருங்கள் என்றுதான் சொல்வேன். நம் வீட்டில் நாளெல்லாம் ஓடுகிற பொருள் சீலிங் ஃபேன்தான். ஒரு செல்போனை முழுசாகச் சார்ஜ் செய்ய, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 25 வாட்-மணி மின்சாரம் ஆகும். பழைய சீலிங் ஃபேன் அதை இருபதே நிமிடத்தில் தீர்த்துவிடும். நம் ஊர் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அந்த ஃபேன் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் ஓடுகிறது.

உங்கள் ஃபேன் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அறிய எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், ஈபி மீட்டரே போதும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை விளக்கு மினுக்கும் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-நொடி. அதை 3200-ஆல் வகுத்தால் 1125 வரும். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், இன்டர்நெட் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டேன். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 நொடி. 1125-ஐ 15-ஆல் வகுத்தால் 75 வாட். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த 75 வாட்டில் காற்றாக மாறுவது எவ்வளவு? ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறக்கையைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. மீதி எங்கே போகிறது என்பதைத் தண்டையார்பேட்டையில் காயில் கட்டுகிற ஒரு அண்ணன் எனக்குத் தொட்டே காட்டினார். அவர் கடையில் பழைய ஃபேன் ஒன்று வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அணைத்து நின்றதும், "தொட்டுப் பாரு தம்பி" என்றார். நடுவில் இருக்கும் கிண்ணம் போன்ற பகுதி நன்றாகவே சுட்டது. "இன்னாத்துக்கு சூடாவுதுன்னு நெனைக்கிற? நீ கட்டுற கரண்டு பில்லுதான் அது" என்றார். அதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனாலும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பழைய ஃபேனுக்குள் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். 1888-இல் நிக்கோலா டெஸ்லா காப்புரிமை பெற்ற அதே தத்துவம். நடுவில் செம்புக் காயில்கள் அசையாமல் இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள வெளிக்கூடுதான் இறக்கைகளோடு சேர்ந்து சுற்றும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. கெபாசிட்டர் ஒன்றின் துணையோடு அது காயில்களில் பாயும்போது ஒரு காந்தப்புலம் உண்டாகிச் சுற்ற ஆரம்பிக்கிறது. பல சீலிங் ஃபேன்களில் 14 காந்தத் துருவங்கள், அதாவது ஏழு ஜோடி, இருக்கும். அப்படியானால் ஒவ்வொரு அலைவுக்கும் ஏழில் ஒரு சுற்றாக, அந்தக் காந்தப்புலம் நிமிடத்துக்குச் சுமார் 428 சுற்று சுற்றும்.

வெளிக்கூட்டில் காந்தம் எதுவும் கிடையாது, இரும்பும் அலுமினியமும்தான். சுற்றுகிற காந்தப்புலம் அந்த அலுமினியத்தைக் கடந்து போகும்போது அதற்குள் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தத்தன்மையைப் பெற்று, முன்னால் ஓடும் காந்தப்புலத்தைத் துரத்துகிறது. பிடித்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே வேகத்தில் போனால், ஒன்று மற்றதைக் கடந்து போவது நின்றுவிடும். கடக்காவிட்டால் மின்னோட்டம் இல்லை, மின்னோட்டம் இல்லாவிட்டால் இழுப்பும் இல்லை. ஆகவே இந்த மோட்டார் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓட வேண்டும். புலம் 428 சுற்று சுற்றினால் ஃபேன் 360-ஐ ஒட்டித்தான் சுற்றும். அந்த இடைவெளிக்கான சக்தி முழுவதும் கூட்டுக்குள் வெப்பமாக மாறுகிறது. மெல்லிய செம்புக் கம்பியின் மின்தடையாலும் இரும்புத் தகடுகளில் காந்தம் விடாமல் மாறி மாறி ஏறுவதாலும் இன்னும் கொஞ்சம் சூடு சேர்கிறது.

வேகத்தைக் குறைத்தால் சேமிப்பு வரும் என்றுதானே நினைப்போம்? காற்றின் கணக்குப்படி வரத்தான் வேண்டும். காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுகிறது. பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். ஆனால் ரெகுலேட்டர் செய்வது மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். காந்தப்புலம் அதே 428-இல்தான் சுற்றும். ஃபேன் மெதுவாக ஓட ஓட, பின்தங்கும் இடைவெளி அதிகமாகும், வீணாகும் விகிதமும் கூடும். அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் என்றால் அதுவும் தன் பங்குக்குச் சுடும்.

இப்போது கடைகளில் பி.எல்.டி.சி (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) என்று சொல்லி விற்கும் ஃபேனில் இந்தத் துரத்தலே இல்லை. வெளிக்கூட்டின் உட்புறத்தில் நிரந்தரக் காந்தங்களைப் பதித்திருக்கிறார்கள். மேசைக்கு மேலே ஓர் ஊசியை வைத்து, கீழே காந்தத்தை நகர்த்தினால் ஊசி கூடவே போகுமே, அந்த மாதிரிதான். காயில்களை ஒன்றன்பின் ஒன்றாக உயிரூட்டிக்கொண்டே போனால் காந்தம் அவற்றோடு சேர்ந்தே போகும். கூட்டுக்குள் மின்னோட்டத்தைத் தூண்ட வேண்டிய அவசியம் இல்லாததால் பின்தங்கலும் இல்லை, அந்தச் சூடும் இல்லை.

எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் தர வேண்டும் என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் போர்டு. முதலில் அது 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றிக்கொள்கிறது. பிறகு மூன்று தொகுதிக் காயில்களில் இரண்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு, மூன்றாவதை ஒரு காது மாதிரி பயன்படுத்துகிறது. காந்தம் கடந்து போகும்போது அந்தச் சும்மா இருக்கும் காயிலில் ஒரு மெல்லிய மின்னழுத்தம் எழும். அதை வைத்துக் காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்கிறது.

இந்த ஃபேனை ஆன் செய்ததும் பல மாடல்கள் ஒரு கணம் தயங்கும், சில நேரம் லேசாகப் பின்னால் ஆடிவிட்டுத்தான் கிளம்பும். ஃபேன் ஓடாமல் நிற்கும்போது மூன்றாவது காயிலில் எந்தச் சேதியும் வராது. அதனால் போர்டு முதலில் குத்துமதிப்பாக ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறது. அதைப் பழுது என்று நினைத்துக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கூடத்தில் இந்த ஃபேனை மாட்டிய அன்று மறுபடியும் படிக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். மினுக்கலுக்கு மினுக்கல் 38 நொடி. அதாவது 30 வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. காற்று முன்பு மாதிரியேதான் வந்தது. பாதி வேகத்தில் வைத்தால் பத்து வாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. மின்தடை வரும் இரவுகளில் இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் ஓடினால் இரண்டு மடங்குக்கும் மேல் தாங்குகிறது.

இனி அந்தப் புகைபோக்கிக் கணக்கு. 45 வாட் மிச்சம், நாளைக்குப் பதினெட்டு மணி நேரம், வருடத்தில் 300 நாள் என்று வைத்தால் 243 யூனிட். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 650 கிராம் நிலக்கரி எரியும். ஆக ஏறக்குறைய 158 கிலோ. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அப்படிப் பார்த்தால் 55 கிலோ சாம்பல். ஒரே ஒரு ஃபேனுக்கு, ஒரு சிமென்ட் மூட்டைக்கு மேலே! நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் காற்றாலையும் சூரிய ஒளியும் அணுவும் கலந்துதான் வருகின்றன. ஆகவே இது நிலக்கரி மின்சாரம் மட்டுமே வந்தால் என்ற கணக்கு. எல்லாம் கலந்த சராசரியில்கூட, இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது.

அந்தச் சாம்பலை மற்ற ஊர்க்காரர்கள் புள்ளிவிவரமாகப் படிக்கிறார்கள். வடசென்னையில் அது கண்ணுக்குத் தெரிகிற பொருள். தண்ணீரில் கரைத்துச் சேறாகக் குழாய் வழியே செப்பாக்கம் பக்கம் குட்டைகளுக்குப் போகிறது. குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அந்தச் சேற்றில்தான் நிற்கிறார்கள். 450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பெரியவை ஓடுகின்றன. அதனால்தான் கோயம்புத்தூரில் மாட்டுகிற ஃபேனைவிட இங்கே மாட்டுகிற ஃபேனைப் பற்றி எனக்கு இத்தனை அக்கறை.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? பெட்டி மேல் இருக்கும் பச்சை இலைப் படத்தை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆதாரம் இல்லாமல் பசுமை என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 2024-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்திருக்கிறது என்றாலும், இலைப் படங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயம். நட்சத்திரங்களை எண்ணுவதோடு நிற்காமல் அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கும் 'சர்வீஸ் வேல்யூ' என்ற எண்ணைப் படியுங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதை வாட்டால் வகுத்த விடை அது. வழக்கமான 1200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்து நட்சத்திரம் என்று 2023-இல் வைத்திருந்தார்கள். காற்றின் அளவையும் தனியாகப் பாருங்கள், 210-க்குக் குறையக் கூடாது. வாட் குறைவு, காற்றும் குறைவு என்றால் அதில் புண்ணியமில்லை.

பி.எல்.டி.சி ஃபேனின் விலை பழைய ரகத்தைவிட ஆயிரம் ரூபாய்க்கு மேலேயே கூடுதலாக இருக்கும். இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டுகளுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் வீட்டுக்குப் பில்லில் ஒரு பைசா மிச்சமாகாது. 500 யூனிட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் வீட்டுக்கு நல்ல லாபம். ஏனென்றால் 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறுகிறது. இருக்கிற ஃபேனை எல்லாம் ஒரேயடியாகக் கழற்றிப் போட வேண்டாம். புதிதாக ஒன்றைச் செய்யவும் இரும்பும் செம்பும் மின்சாரமும் செலவாகின்றன. அதிக நேரம் ஓடுகிற ஒன்றை முதலில் மாற்றுங்கள். எங்கள் பழைய ஃபேன் இப்போது எப்போதாவது விருந்தாளி வந்தால் படுக்கும் அறையில் இருக்கிறது.

கடலோர வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் புது ஃபேன் பதினான்கு மாதத்தில் ஒரு நாள் நின்றுபோனது. கழற்றிப் பார்த்தால் போர்டில் செம்புக் கோடுகள் பச்சை பூத்திருந்தன. உப்புக் காற்றின் வேலை. இரும்பு ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, மயிரிழை அளவு செம்பை விட்டுவைக்குமா? பழைய ஃபேனில் கெட்டுப்போக ஒரு கெபாசிட்டரும் காயிலும்தான், இரண்டையும் அந்த அண்ணன் சரிசெய்துவிடுவார். இந்தப் போர்டைப் பார்த்து அவர் கையை விரித்துவிட்டார். அதனால் வாங்கும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். போர்டுக்கு எத்தனை வருட உத்தரவாதம், போர்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா, அதன் மேல் ஈரம் புகாத பிசின் பூச்சு உண்டா. அப்புறம், பழைய ரெகுலேட்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அது இந்தப் போர்டுக்கு ஆகாது.

உத்தரவாதத்தில் புது போர்டு வந்து ஃபேன் மறுபடி ஓடுகிறது. பச்சை பூத்த பழைய போர்டு என்னிடம் இருந்தது. காயலான் கடையில் செம்பையும் அலுமினியத்தையும் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள், போர்டுக்கு அங்கே மதிப்பில்லை. குப்பைத் தொட்டியில் போட்டால் அது கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகும். அந்தக் குப்பை மலை எரிகிற நாட்களில் அந்தப் புகையில் ஈயமும் சேரும், பக்கத்து எருக்கஞ்சேரிப் பிள்ளைகள் அதைச் சுவாசிப்பார்கள். மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து புதிதாக நடைமுறையில் இருக்கின்றன, பழையதை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸுக்கு வந்த தம்பியிடம் அந்தப் போர்டை எடுத்துப் போகச் சொன்னேன். முதலில் தயங்கினார். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டபின் ஒரு கவரில் போட்டு, வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.