ஆன்டோஜெனி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஓர் உயிர் கருவானதிலிருந்து சாகும் வரை அடையும் மாற்றங்கள் அத்தனைக்கும் சேர்த்து உயிரியலில் ஆன்டோஜெனி என்று பெயர். ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் உண்டாக்கிய சொல் இது. கிரேக்க மூலத்தில் முன்பாதிக்கு 'இருப்பது' என்றும் பின்பாதிக்கு 'பிறப்பு' என்றும் பொருள். ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக மாறி வந்த கதைக்கு அவரே ஃபைலோஜெனி என்று பெயர் வைத்தார். கருவில் வளரும் உயிர் தன் இனம் வந்த வழியைத் திரும்ப நடக்கிறது என்றும் சொன்னார். அந்தக் கொள்கை அடிபட்டுப்போனது, சொற்கள் பிழைத்துக்கொண்டன.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு, ஓர் உயிரின் இந்த மாற்றங்களைப் பார்ப்பது தினப்படி வேலை. முட்டை பொரிய பத்து நாள் ஆகும். பொரித்த புழு எறும்பைப் போலக் கறுத்து, பொடி மயிரோடு இருக்கும். இரண்டாம் தோலுரிப்பு வரை அது சாக்கிப் புழு. மொத்தம் நான்கு தோலுரிப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும், அப்போது தழை போடக் கூடாது. ஐந்தாம் பருவ முடிவில் எடை ஏறக்குறைய 10,000 மடங்கு ஆகியிருக்கும். உடம்பு கண்ணாடி போலத் தெளிந்ததும் சந்திரிகையில், அதாவது புழு கூடு கட்டுவதற்கான தட்டில், விட்டால் இரண்டு மூன்று நாளில் கூடு கட்டிவிடும். கூடு தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போகும். அந்துப்பூச்சி துளைத்து வெளியே வந்தால் நூல் அறுபடும் என்பதால், உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைச் சூட்டில் கொன்றுவிடுவார்கள். முட்டைக்கென ஒதுக்கிய கூடுகளில்தான் பூச்சி வெளிவரும். வந்த பூச்சி எதையும் தின்னாது. இணைசேர்ந்து, சில நூறு முட்டை இட்டு, சில நாளில் செத்துப்போகும்.

சரி, தமிழில்? 'வாழ்க்கைச் சுழற்சி' பொருந்தாது. அது முட்டையில் தொடங்கி அடுத்த தலைமுறை முட்டை வரை போகிறது. 'கருவளர்ச்சி' பிறப்போடு நின்றுவிடும். 'தனியுயிர் வளர்ச்சி' பரவாயில்லை, 'தனி' என்பது அவசியம். ஆனால் தின்னாமல் சாகும் பூச்சியை வளர்ச்சிக்குள் எப்படி அடக்குவது? என் தேர்வு 'தனியுயிர் வரலாறு'. ஃபைலோஜெனிக்கு 'இனவரலாறு' என்று வைத்தால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

இடையில் வரும் கட்டங்களுக்குப் 'பருவம்' போதும். இளமைக்கு மட்டும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் தருகிறது. புழுவுக்குத் தனியாக எதுவும் அதில் இல்லை, அதற்குச் சாக்கிதான்.