இரவு எப்படி நேற்றானது?

இஸ்தான்புல்லில் 'துன்' என்றால் நேற்று, 'கெஜெ' என்றால் இரவு. கசகஸ்தானின் அல்மாத்தியில் கசாக் பேசுகிறவரிடம் கேளுங்கள்: 'துன்' இரவு, 'கெஷெ' நேற்று. துருக்கி, கசாக் இரண்டும் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான், சொற்களும் அதே சொற்கள்தான். பொருள்தான் இடம் மாறிக் கிடக்கிறது.

பழைய துருக்கியத்தில் துன் என்றால் இரவு. கெஜெ, கெஷெ இரண்டுக்கும் மூலமான சொல், பொழுது சாய்ந்த வேளையைக் குறித்தது. விடிந்ததும் முந்தைய பொழுதைப் பற்றிப் பேச இந்த இரண்டில் ஒன்று போதும். அப்படிப் பேசிப் பேசியே ஒரு மொழியில் துன்னும் இன்னொன்றில் கெஷெயும் நேற்றாகிவிட்டன. நாளைக்கும் இதே கதைதான்: துருக்கியில் நாளையைக் குறிக்கும் 'யாரின்' முன்பு விடியற்காலை. வெளிச்சமாவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது.

பெரிய அளவுகளுக்கு வானமே பெயர் கொடுத்தது. 'குன்' சூரியன், பகல், நாள். 'அய்' நிலவு, மாதம். நம் திங்களைப் போலவே. ஆண்டு துருக்கியில் 'யில்', சைபீரியாவின் யாகூத் மொழியில் 'சில்'. சொல்லின் முதலில் வந்த 'ய' அங்கே 'ச' ஆகிவிடும்.

நாளைக் கூறுபோட வேண்டி வந்தபோது கடன் வாங்கினார்கள். இஸ்லாத்தோடும் வானியலோடும் அரபுச் சொற்கள் நுழைந்தன. மணிக்கு 'சாத்', நிமிடத்துக்கு 'தகிகா', நொடிக்கு 'சானியெ'. சானியெயின் அரபு மூலத்துக்கு 'இரண்டாவது' என்று பொருள்: மணியை அறுபதாகப் பிரித்தது முதல் பிரிவு, அதை மறுபடி அறுபதாக்கியது இரண்டாவது. வாரம் பாரசீகத்தின் 'ஹஃப்தா', ஏழு என்ற எண்ணிலிருந்து பிறந்தது. தமிழ் முஸ்லிம்கள் தொழுகை நேரத்தைச் சொல்லும் 'வக்து' துருக்கியில் 'வகித்', கசாக்கில் 'உவாகித்'.

சரி, காலம் என்பதற்கே சொந்தச் சொல் இல்லையா? இருந்தது. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் 732இல் நட்ட கல்லில், இறந்த தம்பி குல் தெகினுக்காக துருக்கியப் பேரரசர் பில்கே ககான் புலம்புகிறார்: காலத்தை வகுப்பது வானம், மனிதப் பிள்ளைகள் எல்லோரும் சாகவே பிறந்தார்கள். அங்கே காலம் 'ஒத்'. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும் வரி அது.

அரபு 'ஸமான்' வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒத்திலிருந்து கிளைத்த ஒரு சொல், நடு எழுத்து தேய்ந்து 'ஓலெ' ஆகி, நண்பகலைக் குறிக்கிறது என்பது சொற்பிறப்பு அறிஞர்களின் கணிப்பு. துருக்கியர் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது 'ஓலெ யெமெயி' என்கிறார்கள்.